கச்சான் மஃபினில் சீனி இல்லை, சரி, கச்சான் நல்லதா?

மாவும் சீனியும் இல்லாத கச்சான் பட்டர் மஃபினை மல்லாவியில் சுடுவது பெரிய வேலை அல்ல. வறுத்துத் தோல் நீக்கிய கச்சான் 250 கிராமை எண்ணெய் கசியும்வரை கிறைண்டரில் அரைத்து, இரண்டு முட்டை, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், சிட்டிகை உப்பு, கொஞ்சம் ஸ்டீவியா சேர்த்து அடியுங்கள். எட்டாகப் பங்கிட்டு 180 பாகை செல்சியஸில் கால் மணி நேரம் வைத்தால் வெந்துவிடும். ஓவன் இல்லாவிட்டால் மணல் பரப்பிய கனத்த சட்டி போதும்.

100 கிராம் கோதுமை மாவில் மாச்சத்து ஏறத்தாழ 75 கிராம். கச்சானில் 16 கிராம்தான், அதிலும் பாதி நார். ஆனால் ஒரு மஃபினிலேயே 200 கலோரி வரை உண்டு. பனங்கட்டியைப் போட்டுவிட்டு “சீனி போடேல்லை” என்பவர்களும் இருக்கிறார்கள். பனங்கட்டியிலும் பெரும்பங்கு சுக்குரோசுதான்.

சீனியைப் பார்க்கிற நாம் கச்சானைப் பார்ப்பதில்லை. ஈரத்தோடு மூட்டை கட்டிய கச்சானில் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு உருவாகலாம். அது ஈரல் புற்றுநோய்க்குக் காரணி. ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூட. வறுத்தாலும் சுட்டாலும் முழுதாக அழியாது. 1960 இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோதுதான், தீவனத்திலிருந்த கச்சான் பிண்ணாக்கில் இந்த நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். 2021 இல் இலங்கைக்கு வந்த தேங்காய் எண்ணெயிலும் இது இருந்ததென்று பெரிய சர்ச்சை எழுந்தது. ஆகவே கோதோடு வாங்கி, நீங்களே உடையுங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் வறுக்க முன்னரே எறியுங்கள். கோழிக்கும் போடாதீர்கள். அரைத்துவிட்டால் நல்லதையும் கெட்டதையும் பிரிக்க வழியில்லை.

சலரோகத்துக்கு இன்சுலின் அல்லது கிளிக்கிளசைட் எடுப்பவர் காலைப் புட்டை விட்டு மஃபின் சாப்பிட்டு, மருந்தைப் பழைய அளவிலேயே எடுத்தால் இரத்தத்தில் சீனி மிகக் கீழே இறங்கலாம். நடுக்கமும் வியர்வையும் வந்தால் உடனே மூன்று நாலு தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் குடிக்க வேண்டும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். உணவை மாற்றுவதற்கு முன்பே மல்லாவி ஆதார வைத்தியசாலை கிளினிக்கில் சொல்லிவிடுவது நல்லது.

கச்சான் பட்டரைப் போத்தலில் வாங்குபவர்கள் நிறக்குறியைப் பாருங்கள். 100 கிராமில் 22 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. கொழுப்புக்குச் சிவப்பு இருந்தால் மிரள வேண்டாம், கச்சான் அப்படித்தான். பூஞ்சணம் பிடித்ததையோ பொய் லேபல் ஒட்டியதையோ விற்றால், பொருளை எறியாமல் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டுங்கள். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் அவர் கையில் இருக்கிறது. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கும் சொல்லலாம். எழுத்து முறைப்பாடு என்றால் வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது கடைக்காரரின் கடமை. கூச்சப்படாமல் கேளுங்கள்.

வீட்டில் சுட்டு விற்கும் பெண்களையும் அதே உணவுச் சட்டம் கட்டுப்படுத்தும். “சலரோகக்காரருக்கு ஏற்றது” என்று ஒட்டுவதைவிட, என்னென்ன போட்டீர்கள் என்று எழுதுங்கள். கச்சான் என்ற சொல்லை முதலில், பெரிய எழுத்தில் போடுங்கள். கச்சான் ஒவ்வாத பிள்ளைக்கு ஒரு வாயிலேயே மூச்சு அடைக்கலாம்.