சோதனைக் குழாய்க் குழந்தையும் தோட்டத்துச் சம்பளமும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க் குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியனாகிய யான் சங்கப் பாடல்களிலிருந்தோ திருக்குறளிலிருந்தோ ஒரு பகுதியை எடுத்து விளக்குவேன் என்றே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். வள்ளுவர் ஓர் அதிகாரம் முழுவதையும் அளித்த மக்கட்பேறு என்னும் பொருளையே யானும் எடுத்துக்கொண்டுள்ளேன். ஆயினும், அப்பேறு எளிதில் கிட்டாதார் இன்று கொழும்பு மாநகரில் எவ்விடம் செல்கின்றனர், எவ்வளவு கொடுக்கின்றனர், கொடுக்குமுன் எதனை எதனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும் என்பதே இங்குக் கூறப்புகும் செய்தியாகும். யான் வைத்தியன் அல்லன், பயிற்றப்பட்ட ஆசிரியன். அயலவர்க்கு வரும் ஆங்கிலக் கடிதங்களைப் படித்துப் பொருள் சொல்லும் பழக்கம் எனக்குண்டு. அப்பழக்கமே என்னை இவ்விடயத்துள் இழுத்துவிட்டது.

2024ஆம் ஆண்டின் இறுதியில், கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டம் ஒன்றிலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் மனைவியுடன் என் இல்லம் வந்தார். அவர் கொழும்பிலே புடைவைக் கடையொன்றில் வேலை செய்பவர். மனைவி தோட்டத்திலே பால்வெட்டுபவர். மணமாகி ஏழாண்டுகள் கழிந்திருந்தன. கொழும்பிலுள்ள இரு தனியார் நிலையங்களின் கட்டணத் தாள்களைக் கையிலே வைத்திருந்தனர். ஒன்றிலே 5,75,000 ரூபா என்றும் மற்றதிலே 8,25,000 ரூபா என்றும் இருந்தது. “சேர், ரெண்டுல எது மலிவுன்னு பாத்துச் சொல்லுங்க, நகைய அடகு வைக்கணும்” என்றார் அவர். மலிவு எதுவென்பது படிக்கத் தெரிந்த எவருக்கும் தெரியும் என்றே யானும் முதலில் எண்ணினேன்.

தாள்களை ஒருபுறம் வைத்துவிட்டு, இதுவரை யாது செய்தீர்கள் எனக் கேட்டேன். மனைவியார் மூன்று வைத்தியரைக் கண்டிருந்தார். கருக்குழாய்களில் அடைப்பு உண்டோ எனப் படம் பிடித்திருந்தார். நாட்டு வைத்தியரின் கஷாயம் ஓராண்டு குடித்திருந்தார். கதிர்காமத்துக்கு நேர்த்தி வைத்திருந்தார். கணவர் செய்துகொண்ட பரிசோதனை யாது என வினவியபோது இருவரும் பேசாதிருந்தனர். ஒன்றும் செய்யவில்லை.

இது இவ்விருவர்க்கு மட்டும் உரிய குறை அன்று. குழந்தை இல்லாத இல்லங்களில் ஏறத்தாழ அரைவாசியில் ஆடவனின் பங்கும் உண்டென மருத்துவ நூலார் கூறுவர். தமிழ் அகராதியில் மலடி என்ற சொல்லும் உண்டு, மலடன் என்ற சொல்லும் உண்டு. எனினும், லயத்து வாசலிலும் பீலிக்கரையிலும் முன்னைய சொல்லையன்றிப் பின்னையதை யான் ஒரு நாளும் கேட்டதில்லை. அச்சொல்லுக்கு அஞ்சியே அப்பெண் ஏழாண்டுகள் சீமந்த வீடுகளுக்குப் போகாதிருந்தார்.

ஓராண்டு கூடி வாழ்ந்தும் கருத்தரியாதவிடத்து வைத்தியரை நாடுதல் வேண்டும் என்பதும், பெண்ணுக்கு வயது முப்பத்தைந்தைக் கடந்திருப்பின் ஆறு மாதங்களிலேயே நாடுதல் வேண்டும் என்பதும் பொது விதி. உலகில் ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் ஒருகாலத்திலேனும் இத்துன்பத்தை அறிவர் என உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. பரிசோதனைகளுள் மிக எளியதும் செலவு குறைந்ததும் கணவரின் விந்துப் பரிசோதனையே. இரண்டு முதல் ஏழு நாட்கள் விலகியிருந்து, ஒரு மாதிரியைக் கொடுத்தலே அதன் முழு வேலை. உடல் விந்தணுக்களை ஆக்கி முடிக்க ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் எடுக்குமாதலின், முதலாவது பெறுபேறு குறைவாயின் மூன்று மாதங்களின் பின் மீண்டும் பார்ப்பர். கத்தியோ மயக்கமருந்தோ வேண்டாத இப்பரிசோதனை கடைசியாகச் செய்யப்படுவதும், பெண்ணின் உடலை வருத்துபவை முதலிற் செய்யப்படுவதும் எவ்வகை நியாயமோ யானறியேன்.

இப்பரிசோதனைகளைத் தொடங்குவதற்குக் கொழும்புத் தனியார் நிலையம் வேண்டுவதில்லை. பெரிய அரசாங்க வைத்தியசாலைகளில் பெண்நோயியல் மகப்பேற்று நிபுணர் நடத்தும் கிளினிக்குகள் உள. அங்கு வைத்தியரைக் காண்பதற்குக் கட்டணம் இல்லை. கொழும்பிலே 1879இல் தொடங்கப்பெற்ற டி சொய்சா மகளிர் வைத்தியசாலையும் காசல் வீதி மகளிர் வைத்தியசாலையும் இத்துறையில் பெயர் பெற்றவை. அங்குக் காத்திருத்தல் நீளும் என்பது உண்மையே. நாரஹேன்பிட்டியிலுள்ள லங்கா ஹொஸ்பிட்டல்ஸ், நைன்வெல்ஸ் முதலிய தனியார் வைத்தியசாலைகளில் காத்திருத்தல் குறைவு, கட்டணம் உண்டு. எல்லாப் பரிசோதனைகளையும் அரசாங்கக் கிளினிக்கில் முடித்துக்கொண்டு, அவ்வறிக்கைகளுடன் தனியாரிடம் செல்வோர் சிறிதன்று ஒரு தொகையை மீதப்படுத்துவர்.

பரிசோதனைக்குப் பின்னரும் எல்லோரும் நேரே பெருஞ்செலவுக்குப் போக வேண்டுவதில்லை. முட்டை ஒழுங்காக வெளிவராத பெண்களுக்கு லெட்ரோசோல், குளோமிபீன் போன்ற மாத்திரைகளே போதியனவாகலாம். அடுத்த படி, கழுவித் தெரிந்தெடுத்த விந்தைக் கருப்பையினுள் செலுத்தும் ஐ.யூ.ஐ. முறை. அதற்கும் அடுத்ததே ஐ.வி.எவ். எனப்படும் சோதனைக் குழாய் முறை. பத்துப் பன்னிரண்டு நாட்கள் ஊசி ஏற்றிப் பல முட்டைகளை முதிர்வித்து, அவற்றை வெளியே எடுத்து, விந்துடன் சேர்த்து, மூன்று முதல் ஐந்து நாட்கள் வளர்த்த முளையத்தைக் கருப்பையிற் சேர்ப்பர். விந்தணு மிகக் குறைவாயின் ஒவ்வொரு முட்டையினுள்ளும் ஒரு விந்தணுவை ஊசியாற் செலுத்துவர், இது 1992இல் பிரசல்ஸ் நகரத்து வைத்தியர்கள் வெளிப்படுத்திய முறை, இக்சி எனப்படும்.

இக்கலையின் வரலாறு கவலையும் கலந்தது. 1978 யூலை 25இல் இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் முதற் குழந்தை பிறந்தது. எட்வேட்ஸ், ஸ்டெப்டோ, ஜீன் பேர்டி என்னும் மூவரின் உழைப்பு அது. 2010இல் நோபல் பரிசு வந்தபோது எட்வேட்ஸ் ஒருவரே உயிரோடிருந்தார். ஓல்டம் குழந்தை பிறந்து எழுபது நாட்கள் முடியுமுன், அதே ஆண்டு ஒக்டோபர் 3இல், கல்கத்தாவில் சுபாஷ் முகோபாத்தியாயர் இந்தியாவின் முதற் சோதனைக் குழாய்க் குழந்தையைப் பிறப்பித்தார். அவர் அன்றே முளையத்தை உறையவைத்துப் பயன்படுத்தியவர். அரசாங்கம் அமைத்த குழு அவரை நம்பவில்லை. 1981இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருடைய குறிப்பேடுகளைப் பிற்காலத்தார் ஆராய்ந்த பின்னரே அவர் செய்தது மெய்யென ஒப்பினர். சென்னையில் 1990இல் கமலா செல்வராஜ் இம்முறையால் ஒரு குழந்தையைப் பிறப்பித்தபின், தமிழர் பலர் சிகிச்சைக்காகச் சென்னை செல்வது வழக்கமாயிற்று. அன்று கல்கத்தாவில் நம்பப்படாத அந்த உறையவைத்தல் இன்று எல்லா நிலையங்களின் கட்டணத் தாளிலும் ஒரு வரியாக இடம்பெற்றுவிட்டது.

இனி அவ்விரு தாள்களுக்கு வருவோம். கணவரின் பரிசோதனை அரசாங்க வைத்தியசாலையில் இருமுறை செய்யப்பட்டது. இருமுறையும் விந்தணு மிகக் குறைவாகவே காணப்பட்டது. இக்சி முறையே வேண்டும் என நிபுணர் கூறினார். அதன்பின் யான் ஓர் அப்பியாசக் கொப்பியின் தாளிலே கேள்விகளை எழுதி, இரு நிலையங்களிலும் கேட்டுவருமாறு அனுப்பினேன். கூறப்பட்ட தொகையில் ஊசிமருந்து அடங்குமா? இக்சி அடங்குமா? முட்டை எடுக்கும்போது கொடுக்கும் மயக்கமருந்தும் வைத்தியரின் கட்டணமும் அடங்குமா? எஞ்சிய முளையங்களை உறையவைக்க எவ்வளவு, ஆண்டுதோறும் பேண எவ்வளவு? முதன்முறை பயனளிக்காதாயின் உறைந்த முளையத்தை மீளச் சேர்க்க எவ்வளவு? ஊசி ஏற்றிய பின் இடைநடுவில் நிறுத்த நேர்ந்தால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள்?

5,75,000 ரூபாத் தாளுக்குரியவர்கள், ஊசிமருந்து ஏறத்தாழ 1,80,000, இக்சி 50,000, உறையவைத்து ஓராண்டு பேணுதல் 60,000, மீளச் சேர்த்தல் 1,10,000 எனப் புறம்பாகக் கூறினர். கூட்டினால் 9,75,000. மற்றைய தாளின் 8,25,000இல் மருந்தும் இக்சியும் உறையவைத்தலும் அடங்கியிருந்தன. மீளச் சேர்த்தல் மட்டும் 1,00,000. ஆக 9,25,000. மலிவென எல்லோரும் கைகாட்டியிருக்கக்கூடியதே ஐம்பதினாயிரம் கூடியதாயிற்று. இவை அவ்விருவர்க்கு அந்நாளிற் சொல்லப்பட்ட தொகைகள். வேறொருவர்க்கு மருந்தின் அளவும் கணக்கும் மாறும். எவரும் எவரையும் ஏமாற்றினர் என்பதன்று. ஒருவர் கோழியின் விலையைச் சொன்னார்; மற்றவர் கறியின் விலையைச் சொன்னார்.

தோட்டத்துப் பேச்சில் ஒரு நாள் வேலையை ஒரு ‘பேர்’ என்பர். 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அக்கணக்கில் 9,25,000 ரூபா என்பது 685 பேர். உண்ணாமலும் உடுக்காமலும் ஈராண்டுக்கு மேற்பட்ட பால்வெட்டு.

வெற்றி வீதம் பற்றியும் இங்கே கூறல் வேண்டும். ஒரு நிலையத்தின் விளம்பரத்தில் பெரிய எண்ணொன்று இருந்தது. எதற்கு எத்தனை என்று கேளாமல் அவ்வெண்ணால் ஒரு பயனும் இல்லை. நூறு பெண்கள் ஊசி ஏற்றத் தொடங்கினர் என விளக்கத்துக்காகக் கொள்வோம். எண்பது பேருக்கே முளையம் சேர்க்கப்பட்டது. முப்பத்தைந்து பேருக்குப் பரிசோதனையில் கரு தெரிந்தது. இருபத்தெட்டுப் பேர் உயிருள்ள குழந்தையைப் பெற்றனர். முப்பத்தைந்தை எண்பதால் வகுப்பவர் நூற்றுக்கு 44 என எழுதலாம். இருபத்தெட்டை நூறால் வகுப்பவர் 28 என எழுதுவர். இரண்டும் பொய்யல்ல, தொட்டில் வாங்குவோர்க்கு வேண்டியது பின்னையது. இங்கிலாந்தில் அரசாங்க மேற்பார்வைச் சபை இவ்விவரங்களைத் திரட்டி வெளியிடுகின்றது. 2022இல் சேர்க்கப்பட்ட முளையங்களில் முப்பத்தைந்துக்குக் குறைந்த வயதினர்க்கு நூற்றுக்கு 35 அளவிலும், நாற்பது முதல் நாற்பத்திரண்டு வயதினர்க்கு நூற்றுக்குப் பத்தளவிலும் குழந்தைகள் பிறந்தன. வசதி மிக்க அந்நாட்டிலேயே இளம்பெண்களுக்கும் முதன்முறை தோற்பதே பெரும்பான்மை. எனவே, கையிலுள்ள பணம் முழுவதையும் முதன்முறைக்கே வைத்துவிடுபவர், இரண்டாம் முறைக்கு உறைந்த முளையம் காத்திருக்கவும் பணம் இல்லாமல் நிற்க நேரும். என் மாணவரிடம் யான் வற்புறுத்தியது இதனையே: மீளச் சேர்த்தற்குரிய தொகையை முதலிலேயே எடுத்து வேறாக வையுங்கள்.

மேலதிகமாகச் சில சேவைகளும் கூறப்படும். கருப்பையின் உட்சுவரைச் சுரண்டிவிடுதல் அவற்றுள் ஒன்று. அதனால் நன்மை இல்லையென 2019இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று காட்டியது. அது எனக்கு ஏன் வேண்டும் என ஒவ்வொன்றுக்கும் கேட்டல் தகும்.

சென்னை மலிவன்றோ என்பர் சிலர். அங்குத் தமிழிலேயே பேசலாம் என்பது பெரும் ஆறுதல். அந்நாட்டின் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலையங்கள் பதிவுபெறவும் வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒன்றரை இலட்சம் முதல் இரண்டரை இலட்சம் இந்திய ரூபா என்பது அங்குப் பொதுவாகச் சொல்லப்படுவது. 2025இல் இந்திய ரூபா ஒன்று நம் ரூபா மூன்றரையைச் சுற்றி இருந்தது. ஆகவே ஐந்தேகால் இலட்சம் முதல் எட்டேமுக்கால் இலட்சம். அதன்மேல் இருவரின் விமானச் செலவு, மூன்று வாரத் தங்குமிடம், இழந்த சம்பளம். முதன்முறை தோற்பின் மீண்டும் கடல் கடத்தல் வேண்டும். அவர்கள் கொழும்பையே தெரிந்தனர்.

கொழும்பும் அயலூர் அன்று. ஸ்கான் உள்ள நாட்களில் விடியுமுன் மூன்று மணிக்கு எழுந்து, அவிசாவளை வழியே பஸ் பிடித்தல் வேண்டும். ஊசிமருந்தைக் குளிரில் வைத்தல் வேண்டும். லயக் காம்பிராவில் குளிர்ப்பெட்டி ஏது? தோட்டத்து டிஸ்பென்சரியின் குளிர்ப்பெட்டியிலே தடுப்பூசிகளுக்கு அருகில் ஒரு மூலை கேட்டுப் பெற்றோம். மாலைதோறும் ஒரே நேரத்தில் ஊசி ஏற்றியவர் அங்குள்ள மருத்துவிச்சி அம்மா. ஊசியால் வயிறு வீங்கி மூச்சு முட்டினால் ஒரு கணமும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க என நிலையத்தார் கொடுத்த தாளை, அவர் தமிழில் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தார்.

2025 நடுப்பகுதியில் ஒன்பது முட்டைகள் எடுத்தனர். மூன்று நல்ல முளையங்கள் கிடைத்தன. ஒன்றைச் சேர்த்தனர். பதினான்கு நாட்கள் பொறுக்கச் சொல்லியிருந்தும் ஒன்பதாம் நாளே வீட்டில் பரிசோதித்துவிட்டார்கள். அரச மரத்தைச் சுற்றி அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த கதைதான். பதினான்காம் நாளும் விடை மாறவில்லை. அப்பெண் மூன்றாம் நாள் மீண்டும் பால்வெட்டப் போனார். ஆயினும், அவ்வாண்டு ஊரில் நடந்த சீமந்தமொன்றுக்குத் தாமாகவே சென்றார் எனவும், பேச்சு எழுந்தபோது குறை தம்முடையது என்று கணவர் எல்லோர் முன்னும் கூறினார் எனவும் பின்னர் அறிந்தேன்.

உறைந்த முளையங்கள் இரண்டு கொழும்பில் இருக்கின்றன. வேறாக வைத்த ஓர் இலட்சமும் வங்கியில் இருக்கின்றது. வரும் தை மாதத்தில் மீண்டும் செல்கின்றனர். யான் அப்பியாசக் கொப்பியில் எழுதிய கேள்வித் தாளைச் சென்ற மாதம் யட்டியாந்தோட்டைப் படப்பிரதிக் கடையொன்றில் கண்டேன். என் கையெழுத்தே, எவரோ நாற்பது படிகள் எடுப்பித்துக்கொண்டிருந்தார்.