பத்தியமே மருந்து

பத்தியம் என்றதும் மருந்துக்குத் துணைநிற்கும் உணவுக் கட்டுப்பாடே நம்மவர் நினைவுக்கு வரும். மருந்து தலைவன்; பத்தியம் அவன் ஏவலாள். அவ்வேவலாளே தலைவனாய் நின்று நோயைத் தணிக்கும் இடமொன்று இன்றைய மருத்துவத்தில் உண்டு. சிறுவர்க்கு வரும் குரோன் நோயின் சிகிச்சையே அது.

1932 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்து வைத்தியர்களாகிய குரோன், கின்ஸ்பேர்க், ஒப்பன்ஹைமர் என்னும் மூவர் இந்நோயை விரித்தெழுதினர். முன்னவர் பெயரே நோய்க்கும் பெயராயிற்று. உடலைக் காக்கவேண்டிய ஆற்றலே குடலைப் பகையெனக் கொண்டு புண்படுத்துவது இதன் இயல்பு. வயிற்றுவலி, வயிற்றோட்டம், மெலிவு என்பன இதன் குறிகள். பிள்ளைகளிடத்து இவற்றினுங் கொடிய குறி வளர்ச்சி குன்றுதலாம். வளரும் பருவங் கடந்தபின் இழந்த உயரத்தை மீட்டல் அரிது.

ஸ்ரெரொயிட் மருந்துகள் அழற்சியைத் தணிப்பன. ஆயினும் அவையே வளர்ச்சியையுந் தடுப்பன. இவ்விக்கட்டுக்கு வழி காட்டியது உணவு. 1987 இல் இலண்டன் வைத்தியர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், ஆறு வாரம் நீர்மவுணவு மட்டுமே பெற்ற பிள்ளைகளுக்கும் ஸ்ரெரொயிட் பெற்றவர்களுக்கும் நோய் ஒத்தே தணிந்தது. உயர வளர்ச்சியோ உணவு பெற்றோர்க்கே மிகுந்தது.

சிகிச்சை முறை சொல்லுதற்கு எளிது. ஆறு முதல் எட்டு வாரம் வேறெவ்வுணவுமின்றி, புரதம், கொழுப்பு, மாப்பொருள், விற்றமின், கனியுப்பு யாவும் அளவறிந்து சேர்த்த நீர்மவுணவையே பருகல் வேண்டும். பருக இயலாதார்க்கு மூக்கின் வழியே மெல்லிய குழாயாற் செலுத்துவர். பத்துப் பிள்ளைகளுள் ஏறக்குறைய எண்மர்க்கு நோய் தணிகின்றது. குடற்புண்ணும் ஆறத் தொடங்குகின்றது. நோய் வேரற்றுப் போவதன்று. பின்னரும் அதனை அடக்கிவைக்க மருந்து வேண்டும். பெருங்குடலை மட்டும் பற்றும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்னும் நோய்க்கு இம்முறை பயன்படுவதில்லை.

சொல்லுதற்கு எளிதாயினும் செய்தற்கு அரிது. அடுக்களையிலே தாளிக்கும் மணம் எழ, உடன்பிறந்தார் கூடியிருந்து உண்ண, ஒரு பிள்ளை மட்டும் கோப்பையை ஏந்தியிருத்தல் எத்துணைத் துன்பம்! "ஒரு வாய்தானே, தின்னட்டும்" என்று இரங்கும் பாட்டியின் அன்பும் அங்கே சிகிச்சைக்கு இடையூறாகும். இத்துயரைக் குறைக்க முயன்றோரும் உளர். நீர்மவுணவிற் பாதியும், சோறு, உருளைக்கிழங்கு, முட்டை, கோழியிறைச்சி, வாழைப்பழம் முதலிய தெரிந்த உணவுகளுமாகக் கொடுக்கும் முறையைப் பிள்ளைகள் எளிதில் ஏற்றனர் என 2019 இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. இவற்றுள் எதனையும் வைத்தியர் மேற்பார்வையின்றி வீட்டிலே தாமாகத் தொடங்குதல் தீங்காய் முடியும்.

ஆசிரியராகிய நமக்கும் இதிற் கடமையுண்டு. ஒத்த வயதினர் வளர, ஒரு மாணாக்கன் மட்டும் வளராது நிற்பின், பாடவேளையில் அடிக்கடி வெளியே செல்ல அனுமதி கேட்பின், அவனைச் சோம்பேறியென்று கடிதல் தகாது. பெற்றோரை அழைத்துச் சொல்லுதல் வேண்டும். கோப்பையோடு வருபவனை வகுப்பார் நகையாதவாறு காத்தலும் நம் பொறுப்பே. அவன் பருகுவது உணவு மட்டுமன்று; அவன் வளர்ச்சியுமாம்.