இரு சக்கரமும் இரு மெய்ப்பாடும்

சென்ற மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. என் மனையாள் பழைய துவிச்சக்கரவண்டியை உருட்டிக்கொண்டு படலையைத் திறந்தாள். ஐம்பது வயதைக் கடந்தவள்.

“இந்த நேரத்தில் எங்கே போகிறீர்?” என்றேன்.

“கடற்கரைப் பக்கம் போய்வருகிறேன்.”

“என்ன அலுவல்?”

“அலுவல் ஒன்றுமில்லை, சும்மா.”

“ஊர் என்ன சொல்லும்?” என்று கேட்டுவிட்டேன். அவள் மறுமொழி கூறவில்லை. வண்டியைச் சுவரோடு சாத்திவிட்டு அடுக்களைக்குட் சென்றுவிட்டாள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பெண்கள் வண்டியோட்டுவது எங்கள் ஊருக்குப் புதிதோ? 1990ஆம் ஆண்டின் பின், குடாநாட்டுக்கு எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில், பள்ளிக்கும் பணிமனைக்கும் சந்தைக்கும் பெண்களைக் கொண்டு சென்றது அவ்வண்டியே. என் மனையாளும் மாவும் விறகும் ஏற்றி மிதித்தவள்தான். அன்று ஊர் ஒன்றுஞ் சொல்லவில்லை. சுமையோடு சென்றவளைக் குறை கூறாத ஊர், சும்மா செல்பவளைக் குறை கூறுமென்று நான் அஞ்சியது ஏன்? பெண்ணின் உழைப்பை ஒப்புக்கொண்ட என் மனம் அவள் உவகையை ஒப்புக்கொள்ளவில்லை. உண்மை அதுதான்.

மறுநாள் வகுப்பிலே மெய்ப்பாட்டியல். உவகை தோன்றும் நிலைக்களன் நான்கனுள் விளையாட்டினையும் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். அது ஆடவர்க்கே உரியது என்றாரல்லர். பெருமிதத்துக்குக் கல்வியையும் தறுகண்மையையும் நிலைக்களன்களாகக் கூறினார். அச்சத்துக்கும் நான்கு கூறினார். அந்நான்கனுள் ஊர்வாய் இல்லை! எள்ளல் நகைக்கு நிலைக்களனேயன்றி அச்சத்துக்கு அன்று. பாடஞ் சொல்லிக்கொண்டிருந்த எனக்கே அது பாடமாயிற்று.

இவ்விரு மெய்ப்பாடும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற ஓர் அம்மையாரை அறிவேன். அமெரிக்காவிலே மதுவிலக்கு இயக்கத்தை நடத்திய பிரான்செஸ் வில்லார்ட் (1839-1898) அவர். பதினாறாவது பிறந்தநாள் வரையில் வயல்வெளியில் ஓடித் திரிந்தவர். அதன்பின் காலைத் தடுக்கும் நீண்ட பாவாடை வந்தது, ஓட்டம் நின்றது. தம் ஐம்பத்துமூன்றாம் வயதில், தாயை இழந்த துயரும் வேலைக் களைப்பும் வாட்டிய வேளையில், அவர் துவிச்சக்கரவண்டி பழகத் தொடங்கினார். வண்டிக்குக் ‘கிளாடிஸ்’ என்று பெயருமிட்டார்.

நாளொன்றுக்குச் சராசரி 15 நிமிடமாக ஏறத்தாழ மூன்று மாதம் பழகினார். முதலில் மிதிக்கவும், பின்பு திருப்பவும், அதன்பின் இறங்கவும், ஈற்றில் ஏறவும் கற்றார். இறங்கக் கற்ற பின்னரே ஏறக் கற்றமை நோக்கத்தக்கது. இறங்கும் வழி தெரிந்தவர்க்கு ஏறுதற்கு அச்சமில்லை. கைபிடியைக் குனிந்து பாராது முன்னே நோக்குக என்பதும், மனம் தள்ளாடினால் வண்டியும் தள்ளாடும் என்பதும் அவர் கண்ட உண்மைகள். தம் அனுபவத்தை 1895இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். வண்டி பழகியதற்கு அவர் அந்நூலிற் கூறிய காரணங்களுள் இரண்டு சுவையானவை. ஒன்று, புதியதொன்றைத் துணிந்து செய்வதிலுள்ள இன்பம். மற்றொன்று, இந்த வயதில் இவருக்கு இது முடியாது எனப் பலர் எண்ணியது!

இக்கதையை அன்று மாலை மனையாளுக்குச் சொன்னேன். அவள் சிரித்தாள். “அந்த அம்மாவை ஏலாது என்று நினைத்தவர்கள் பிறர், என்னைத் தடுத்தது வீட்டுக்காரர்” என்றாள். நான் வாய் திறவாமல் எழுந்து சென்று இரண்டு சில்லுக்கும் காற்றடித்தேன்.

அவள் புறப்பட்டாள். பல ஆண்டு ஓட்டாத கை. ஒழுங்கை முடக்கிலே வண்டி சற்றுத் தள்ளாடியது. நான் ஓரடி முன்வைத்தேன். அவள் காலூன்றி இறங்கினாள், திரும்பிப் பாராமல் மீண்டும் ஏறினாள், சென்றாள். பொழுதுபடத் திரும்பி வந்தவளின் கூந்தல் கலைந்திருந்தது. முகத்திலே உவகையும் பெருமிதமும் ஒருங்கே நின்றன. முப்பது ஆண்டாக யான் உரை கூறிவந்த மெய்ப்பாடுகளை அன்றுதான் கண்ணாற் கண்டேன்.

நம் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி செல்ல வண்டி வாங்கிக் கொடுக்கின்றோம். நன்று. அதனோடு, அலுவலில்லாத ஒரு மாலைப்பொழுதையும் கொடுப்போமாக. அவர்தம் அன்னையர்க்கும் அது உரித்து.