வாடகைக்கு ஒரு ராணுவம்

கடல் கிடையாது, துறைமுகம் கிடையாது, செழிப்பான நிலமும் அதிகம் இல்லை. ஆனால் ஒரு சரக்கு இருந்தது: சிப்பாய்கள். நடு ஜெர்மனியின் குட்டி அரசான ஹெஸ்ஸே-காஸெல் 18-ம் நூற்றாண்டில் கஜானாவை நிரப்பியது இப்படித்தான். மக்களில் சுமார் 15 பேருக்கு ஒரு சிப்பாய். படைபலத்துக்குப் பெயர் பெற்ற பிரஷ்யாவில்கூட இந்த விகிதம் கிடையாது.

அமெரிக்கக் குடியேற்றங்களில் கிளர்ச்சி வெடித்ததும் பிரிட்டன் கதவைத் தட்டியது. ஹெஸ்ஸே-காஸெலின் ஆட்சியாளர் இரண்டாம் ஃபிரெடெரிக், பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் அத்தையை மணந்தவர். உறவு ஒருபுறமிருக்க, பேரம் கறாராகவே நடந்தது. 1776 ஜனவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது: 12,000 வீரர்கள், தலைக்கு இவ்வளவு, தவிர ஆண்டு மானியம்.

அந்தப் போருக்கு ஆறு ஜெர்மானிய அரசுகள் சுமார் 30,000 பேரை அனுப்பின. அவர்களில் பாதிக்கு மேல் ஹெஸ்ஸே-காஸெல் படையினர். அதனால் எல்லா ஜெர்மானியருக்குமே 'ஹெஸ்ஸியர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அமெரிக்க சுதந்திரப் பிரகடனம் இவர்களை அந்நியக் கூலிப்படை என்று சாடியது.

உண்மையில் பெரும் கூலியை வாங்கியது அரசுதான். சிப்பாய்களில் பலர் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள். வரி கட்டும் வசதியான விவசாயிக்கு விலக்கு உண்டு. நிலமோ நிலையான தொழிலோ இல்லாதவனின் தோளில்தான் துப்பாக்கி ஏறியது.

அவர்களின் பலவீனத்தை அமெரிக்கர்கள் புரிந்துகொண்டார்கள். படையை விட்டு வருபவருக்கு 50 ஏக்கர் நிலம் என்று 1776 ஆகஸ்டில் காங்கிரஸ் அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பர் 26-ல் டிரென்டன் நகரில் ஜார்ஜ் வாஷிங்டன் திடீர்த் தாக்குதல் நடத்தினார். ஹெஸ்ஸியத் தளபதி யோஹான் ரால் படுகாயமடைந்து இறந்தார். சுமார் 900 பேர் சிறைப்பட்டனர்.

1783-ல் போர் முடிந்தபோது, வந்த ஜெர்மானியரில் 12,000-க்கும் மேற்பட்டோர் ஊர் திரும்பவில்லை. நோயில் மாண்டவர்களே அதிகம். சில ஆயிரம் பேர் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டனர்.

காஸெலில் பணம் வேலை செய்தது. கிராமங்களின் வரி குறைந்தது. 1779-ல் ஃபிரிடெரிசியானும் அருங்காட்சியகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஆனால் 1866-ல் ஆஸ்திரியாவின் பக்கம் நின்ற ஹெஸ்ஸே-காஸெலை பிரஷ்யா விழுங்கியது. அதன் படை பிரஷ்ய ராணுவத்தில் கரைந்தது.

அருங்காட்சியகக் கட்டடம் மட்டும் நிற்கிறது. 1955 முதல் 'டாகுமென்டா' என்ற நவீனக் கலைக் கண்காட்சிக்கு அதுவே முக்கிய அரங்கு. உலகெங்குமிருந்து வரும் ரசிகர்கள் நுழையும் அந்த மண்டபத்தைக் கட்டிய கஜானாவில், நிலமில்லாத இளைஞர்களின் தலைக்குக் கிடைத்த விலையும் இருந்தது.