61 நாள் கடலுக்குப் போகாதவரும் ‘வேலையில் இருப்பவரா’?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இந்தக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. தடைக்காலம் நெருங்குவதால் தூத்துக்குடி வாசகர்களின் கடிதங்களில் ஒரே குழப்பம்: மாதாமாதம் வெளியாகும் வேலையின்மைக் கணக்கில் எங்கள் 61 நாள் எங்கே?

பெரும்பாலும் எங்கும் இல்லை. காரணம், அளக்கும் முறை. மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில், ஆண்டுக் கணக்குப்படி 30 நாள் வேலை பார்த்தாலே ஒருவர் ‘வேலையில் இருப்பவர்’. வாரக் கணக்குக்கு அதுவும் தேவையில்லை; 7 நாளில் ஏதோ ஒரு நாள், ஒரு மணி நேரம் போதும். தருவைகுளத்தில் கரையேற்றிய படகுக்கு ஒரு மணி நேரம் பெயின்ட் அடித்துக் கூலி வாங்கியவரும், துறைமுகத்தில் மாதச் சம்பளக்காரரும் அந்த வாரம் ஒரே பட்டியலில்தான் வருவார்கள். மழை இறங்கியதும் வேலை நின்றுபோகும் உப்பளத் தொழிலாளிக்கும் இதே கதி.

2023-24இல் நாட்டின் வேலையின்மை ஆண்டுக் கணக்கில் 3.2 சதவீதம், வாரக் கணக்கில் 4.9. முன்பு மூன்றாவது அளவு ஒன்றும் இருந்தது. வாரத்தின் ஒவ்வொரு நாளையும் அரை அரை நாளாக எண்ணும் தினக் கணக்கு அது. 2011-12இல் ஆண்டுக் கணக்கு 2.2 என்றபோது தினக் கணக்கு 5.6 என்றது. பருவத்தை நம்பிப் பிழைப்பவர்களின் வெறும் நாட்கள் அதில்தான் பிடிபட்டன. 2017இல் தொடங்கிய இப்போதைய கணக்கெடுப்பின் அறிக்கைகளில் அந்த எண்ணையே காணோம். வேலையின்மை குறைந்துவிட்டது என்று அரசு சொன்னால், எந்த அளவின்படி என்று கேட்பது நம் உரிமை.

கடிதங்களில் வந்த மற்ற கேள்விகள்:

தடைக்கால நிவாரணம் போதுமா?
குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 61 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 131.

உப்பளத்துக்கு?
அக்டோபர் முதல் டிசம்பர் வரை குடும்பத்துக்கு 5,000, நாளுக்கு 54.

நாட்டுப்படகுக்குத் தடை உண்டா?
இல்லை.

வின்ஃபாஸ்ட் கார் ஆலை வந்துவிட்டதே?
2025 ஆகஸ்ட் 4இல் திறந்தார்கள். தொழிற்பயிற்சி முடித்த இளைஞருக்கு வாய்ப்பு, 50 வயது உப்பளப் பெண்ணுக்கு இல்லை.

முத்துக்குளிப்பு திரும்புமா?
1961க்குப் பிறகு நடக்கவில்லை. அதை நம்ப முடியாது.

தினக் கணக்கை மத்திய அரசு மீண்டும் வெளியிட வேண்டும், மாவட்டவாரியாக. அதுவரை 3.2 என்ற எண்ணை இந்தக் கடற்கரையின் நிலவரமாக யாரும் காட்ட வேண்டாம்.