ஒரு கப்னா எத்தனை கிராம்? அமெரிக்க ரெசிபியும் பிரிட்டிஷ் கிச்சனும்

ஒரே மொழி பேசுற ரெண்டு நாட்டுக்கு நடுவுல நடக்குற சமையல் குழப்பம்தான் இன்னிக்கு எபிசோட்.

லீட்ஸ்ல ஒருத்தர், மகளோட பிறந்தநாளுக்கு கேக் செய்ய ஓர் அமெரிக்க ரெசிபியை எடுக்கிறார்னு வைங்க. சாயங்காலம் பசங்க வந்துடுவாங்க. ரெண்டாவது தடவை செய்ய நேரம் இல்லை. ரெசிபி முழுக்க இங்கிலீஷ்தான், ஆனா வரிக்கு வரி தடுக்கும். எங்கெல்லாம் தடுக்கும்னு பார்க்கலாம்.

முதல்ல அளவு

பிரிட்டன்ல வீட்டு பேக்கிங் தராசை நம்பி நடக்கும். அமெரிக்காவுல கப்தான். 1896-ல் ஃபேனி ஃபார்மர் எழுதின பாஸ்டன் சமையல் பள்ளிப் புத்தகம், கப்பையும் ஸ்பூனையும் தலைதட்டித்தான் அளக்கணும்னு வலியுறுத்துச்சு. அந்தப் பழக்கம் அங்கே நல்லாவே ஊறிடுச்சு.

அமெரிக்க கப் சுமார் 240 மில்லி. பால், தண்ணிக்குப் பிரச்சினை இல்லை. மாவுலதான் சிக்கல். ஸ்பூனால மெதுவா அள்ளிப் போட்டா ஒரு கப் சுமார் 120 கிராம். கப்பையே மாவுக்குள்ள விட்டு அமுக்கி எடுத்தா 150 வரைக்கும் போகும். மூணு கப்புக்கு 90 கிராம் கூடிடும். கேக் வறண்டு, இறுகிப் போகும். அதனால ரெசிபியில கிராம் கணக்கு இருந்தா அதையே பிடிச்சுக்கோங்க. இல்லைன்னா கப்புக்கு 120-னு ஆரம்பிங்க. ‘ஒரு ஸ்டிக் வெண்ணெய்’னா 113 கிராம், அதாவது அரை கப்.

பைன்ட்டும் வேற. அமெரிக்க பைன்ட் 473 மில்லி, பிரிட்டிஷ் பைன்ட் 568. 1824-ல் பிரிட்டன் புதுசா இம்பீரியல் காலனைக் கொண்டு வந்தது. அமெரிக்கா மட்டும் பழைய இங்கிலீஷ் வைன் காலனையே வச்சுக்கிச்சு. அளவை மாத்தினது பிரிட்டன்தான்!

அப்புறம் வார்த்தைகள்

பேர் மட்டும் வேறயா இருந்தா பயமில்லை. ஸுக்கினின்னா கோர்ஜெட், எக்பிளான்ட்னா ஓபர்ஜீன், சிலான்ட்ரோன்னா கொத்தமல்லித் தழை. ஆல் பர்ப்பஸ் ஃப்ளோர்னா பிளெயின் ஃப்ளோர். பவுடர்டு சுகர்னா ஐசிங் சுகர். ஒரு தடவை தெரிஞ்சுக்கிட்டா போதும்.

ஆனா ஒரே பேர், பொருள் வேறன்னா கவனம் வேணும். பிரிட்டன்ல ‘கிரில்’னா மேலிருந்து சூடு இறங்கும். அமெரிக்காவுல அதுக்குப் பேர் ‘பிராய்ல்’. அங்கே கிரில்னா கீழே நெருப்பு, மேலே கம்பி. பிரிட்டன்ல ‘கார்ன்ஃப்ளோர்’னா குழம்பைக் கெட்டியாக்குற வெள்ளை ஸ்டார்ச். நம்ம ஊர்க் கடையில கேட்டு வாங்குறதும் அதுதான். அந்தப் பேர் பிரிட்டிஷ் வழக்கத்துல வந்தது. அமெரிக்காவுல அது ‘கார்ன்ஸ்டார்ச்’. அங்கே கார்ன் ஃப்ளோர்னா நைசா அரைச்ச மக்காச்சோள மாவு. மாத்திப் போட்டா சாஸும் கெடும், ரொட்டியும் கெடும்.

இன்னொண்ணு, அமெரிக்க ‘செல்ஃப் ரைசிங்’ மாவுல உப்பும் கலந்திருக்கும். பிரிட்டிஷ் மாவுல பொதுவா இருக்காது. அதனால ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக்கணும்.

பேர் ஒண்ணு, சைஸ் வேற

முட்டையைக் கவனிங்க. அமெரிக்க ‘லார்ஜ்’ சராசரியா 57 கிராம். பிரிட்டன்ல லார்ஜ்னா 63 கிராம்ல இருந்துதான் ஆரம்பம். அதனால அமெரிக்க லார்ஜுக்கு பிரிட்டிஷ் மீடியம் முட்டைதான் சரி. அமெரிக்க ஹெவி கிரீம்ல குறைஞ்சது 36 சதவீதம் கொழுப்பு. பிரிட்டிஷ் டபுள் கிரீம்ல 48. அடிச்சுப் பொங்க வைக்கணும்னா விப்பிங் கிரீம் பக்கத்துல வரும்.

கடைசியா அவன். 350 டிகிரி ஃபாரன்ஹீட்னா சுமார் 180 செல்சியஸ், கேஸ் மார்க் 4. ஃபேன் அவன்னா 160 போதும்.

அடுப்பைப் பத்த வைக்கிறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க. பேனாவை எடுத்து கப்பை கிராமா, ஃபாரன்ஹீட்டை செல்சியஸா மாத்தி ரெசிபி மேலேயே எழுதிடுங்க. ஒரே பேர்ல ரெண்டு பொருள் இருந்தா அடிக்கோடு போடுங்க. அதுக்கப்புறம் மாவைத் தொடுங்க. பசங்க வர்றதுக்குள்ள கேக் ரெடியா இருக்கும்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்!