தவறணையும் வகுப்பறையும்

மலையகப் பெற்றோர் பலரிடம் ஓர் எண்ணம் வேரூன்றியுள்ளது. பிள்ளை உயிரியல் படித்தால் டாக்டராக வேண்டும். மருத்துவ பீடத்துக்கு வெட்டுப்புள்ளி போதாவிட்டால் படித்ததெல்லாம் வீண் என்பார்கள். இதனால் நல்ல உயிரியல் ஆசிரியர்களை நாம் இழந்து வருகிறோம்.

விளைவைக் கவனியுங்கள். தோட்டப்புறப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தரத்தில் கலைப்பிரிவு மட்டுமே உண்டு. விஞ்ஞானம் கற்க விரும்பும் பிள்ளை ஹற்றனுக்கோ நுவரெலியாவுக்கோ செல்லவேண்டும். பஸ் செலவும் விடுதிச் செலவும் கொழுந்து பறிக்கும் தாயின் சம்பளத்துக்கு எட்டுவதில்லை. ஆசிரியர் இல்லை, எனவே மாணவர் இல்லை. மாணவர் இல்லை, எனவே நாளைய ஆசிரியரும் இல்லை. இந்தக் குறை பழையது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் படிப்பைத் துரைமாரின் பொறுப்பில் விட்டது. 1970களிலேயே அரசு இப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது.

இவ்வட்டத்தை உடைக்க வழிகள் உள்ளன. ஒன்று, 1990களின் முற்பகுதியில் ஜெர்மன் நாட்டு உதவியுடன் உருவான பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி போன்றவற்றில் சேர்வது. ஈராண்டு தங்கிப் படிப்பு, ஓராண்டு பாடசாலைப் பயிற்சி, பின் ஆசிரிய நியமனம். சேவையில் இருந்தபடியே மகரகம தேசிய கல்வி நிறுவகத்தில் கல்விமாணிப் பட்டத்தைத் தொடரலாம். மற்றொன்று, இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் நடத்தும் இயற்கை விஞ்ஞானக் கல்விமாணிப் பட்டம். இப்பல்கலைக்கழகத்துக்கு ஹற்றனிலும் நிலையம் உண்டு. அனுமதி நிபந்தனைகளை அவ்வப்போது வரும் அறிவித்தல்களில் பார்த்துக்கொள்க.

இத்தகைய பட்டப்படிப்புக்கு இரு கால்கள். கலம், பரம்பரையியல், தாவரம், விலங்கு, சூழல் என்பன ஒரு கால். பிள்ளை உளவியல், கற்பித்தல் முறை, மதிப்பீடு, வகுப்பறைப் பயிற்சி என்பன மறு கால். அறிந்திருப்பது வேறு, அறியச் செய்வது வேறு.

ஆய்வுகூட வசதி இல்லையே என்று மலைக்க வேண்டாம். தோட்டத்துத் தவறணைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஓர் இலையும் கணுவும் கொண்ட சிறு தண்டுத் துண்டு வேர்விட்டு, தாய்ச்செடியின் இயல்புகளோடு வளர்கிறது. பதியமுறை இனப்பெருக்கத்துக்கு இதைவிடச் சிறந்த பாடம் எது? 1946இல் இலங்கைத் தேயிலையைத் தாக்கிய கொப்புள நோய் ஒரு பங்கசு; மூடுபனிக் காலத்தில் பரவுகிறது. 1869இல் கோப்பியில் தோன்றிய இலைத்துரு நோயும் ஒரு பங்கசுதான். கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. நம் முன்னோரின் வாழ்க்கையையே திருப்பிய உயிரியல் அது. இதை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லப்போகிறார்?

ஒரு தடை உண்மையானது. தமிழில் கற்ற மாணவர், பட்டப்படிப்பில் விஞ்ஞானத்தைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் கற்கவேண்டியுள்ளது. இதைப் பத்தாம் வகுப்பிலிருந்தே எதிர்கொள்ள வேண்டும். பங்குகள் மாலை வேளையில் ஆங்கில வகுப்புக்குக் கோயில் மண்டபத்தைத் திறந்து கொடுக்கட்டும். படித்து முடித்தவர்கள் தம் தோட்டத்துப் பிள்ளைகளை மறவாதிருக்கட்டும். ஒரு பாடசாலைக்கு ஓர் உயிரியல் ஆசிரியர் வந்தால், அங்கிருந்து டாக்டர்களும் வருவார்கள், ஆசிரியர்களும் வருவார்கள்.